முதல் சோலோவுக்கு எத்தனை மணி நேரம்? மணியை விடுங்க, லேண்டிங்கை எண்ணுங்க

நாகர்கோவிலில் யாரிடமாவது பைலட் டிரெய்னிங் என்று சொன்னால், ஃபீஸுக்கு அடுத்து வரும் கேள்வி இதுதான்: "மக்கா, எத்தனை மணி நேரம் ஓட்டினா தனியா விடுவாங்க?"

பெரும்பாலும் 15 முதல் 25 மணி நேரத்துக்குள் சோலோ போய்விடுகிறார்கள். ஆனால் அந்த எண்ணைத் தொட்டதும் சாவியைக் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். அமெரிக்க விதிகளில் சோலோவுக்குக் குறைந்தபட்ச மணிக்கணக்கே கிடையாது. என்னென்ன பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல், ஒரு எழுத்துத் தேர்வு, இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து, அவ்வளவுதான்.

லாக்புக்கில் ஏறும் நேரம், விமானம் கிளம்ப நகரத் தொடங்கியதிலிருந்து திரும்பி வந்து நிற்கும் வரை. நமக்குப் பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம். அது சர்வதேச விமான நிலையம். கல்ஃப் ஃபிளைட் ஃபைனலில் (இறங்க ரன்வேக்கு நேராக வரும் கடைசிக் கட்டம்) வருகிறது என்றால் நம்மை ஓரமாக வட்டமடிக்கச் சொல்வார்கள். பெரிய விமானம் கிளப்பிவிட்ட காற்றுச் சுழல் அடங்கும் வரையும் காத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஏறியிருக்கும், லேண்டிங் மூன்றுதான் தேறியிருக்கும். ஆள் நடமாட்டமில்லாத சின்ன ஏர்ஃபீல்டில் அதே நேரத்தில் இரண்டு மடங்கு கிடைக்கும். ஆகவே மணியை மட்டும் வைத்து நண்பனோடு ஒப்பிட்டு மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். ஒரு சாதா நோட்டில் லேண்டிங் எண்ணிக்கையைத் தனியாக எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய காற்றையும், இன்ஸ்ட்ரக்டர் கன்ட்ரோலைத் தொட்டாரா இல்லையா என்பதையும் குறியுங்கள். கடைசிப் பத்து லேண்டிங்கில் அவர் கை தொடவில்லை என்றால் சோலோ பக்கத்தில் வந்துவிட்டது.

படி 1: காகித வேலை

வயது 16, பத்தாம் வகுப்பு தேர்ச்சி, கிளாஸ் 2 மெடிக்கல் (பைலட்களுக்கான உடல்தகுதிச் சான்று). ஸ்டூடன்ட் பைலட் லைசென்ஸுக்கு முதலில் இவை வேண்டும். ஃபீஸ் கட்டும் முன் மெடிக்கலை முடித்துவிடுங்கள். நிறக்குருடு போன்ற விஷயம் பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் வீட்டில் பதில் சொல்ல முடியாது. கமர்ஷியல் வரை போகிற எண்ணம் இருந்தால் கிளாஸ் 1-ஐயும் முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

படி 2: எந்த மாதம் தொடங்குவது

நம் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்யும். ஜூன், ஜூலையில் தென்மேற்கு, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. சோலோவுக்கு முந்தைய பயிற்சியில் இடைவெளிதான் பெரிய எதிரி. பத்து நாள் விட்டால் கை மறந்துவிடும், முந்தைய இரண்டு பாடத்தைத் திரும்பப் பணம் கொடுத்துப் படிக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச்சுக்குள் சோலோவை முடிப்பதுபோலத் திட்டமிடுங்கள். காலை முதல் ஸ்லாட்டைக் கேட்டு வாங்குங்கள். மத்தியானம் ஆனால் கடற்காற்று ஏறிவிடும்.

படி 3: நேராகப் பறப்பது, ஏறுவது, இறங்குவது, திரும்புவது, ஸ்டால்

ஸ்டால் என்றால், மூக்கு அதிகம் தூக்கி, இறக்கை தாங்கும் சக்தியை இழப்பது. இவற்றை இன்ஸ்ட்ரக்டரே சொல்லித் தருவார். நான் சொல்ல ஒன்றுமில்லை.

படி 4: சர்க்யூட், அதிலும் ஃபிளேர்

சர்க்யூட் என்பது கிளம்பி, ரன்வேயைச் சுற்றி வந்து, மறுபடி இறங்குவது. ஃபிளேர் என்பது தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தைக் குறைப்பது. இங்கேதான் எல்லோரும் மாட்டுகிறோம். ஃபைனலில் செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானம் என்றால், முழு ஃபிளாப்போடு (இறக்கையின் பின்னோர மடிப்புகளை முழுதும் இறக்கி) சுமார் 65 நாட், அதாவது மணிக்குச் சுமார் 120 கி.மீ. வேகம். அதைப் பிடிக்க ஒரு வாரத்தில் வந்துவிடும். கடைசி இருபது அடிதான் பாடு.

பெரிய ஏர்போர்ட்டில் படிப்பவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ரன்வே அகலமாக இருந்தால், உண்மையில் இருப்பதைவிடத் தாழ்வாக இருப்பதாகக் கண் சொல்லும். அதை நம்பி முன்கூட்டியே மூக்கைத் தூக்குவோம். வேகம் செத்து, விமானம் உயரத்திலிருந்து தொப்பென்று விழும். பிறகு ஒடுங்கிய ரன்வேக்குப் போனால் நேர் எதிர்: தூக்கவே மறந்து தரையில் முட்டப் பார்ப்போம்.

இதற்கு வழி, பார்வையை மாற்றுவது. ரன்வேயின் தொடக்கத்தைத் தாண்டியதும் கண்ணைக் கீழே இருந்து எடுத்து ரன்வேயின் மறுமுனைக்குக் கொண்டுபோங்கள். இரு பக்க ஓரங்களும் கண்ணோரத்தில் விரிந்து மேலே எழும்புவதுபோலத் தெரியும். அப்போது த்ராட்டிலை (எஞ்சின் பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடி) மெதுவாக முழுதும் மூடிவிட்டு, இறங்குவதை மட்டும் நிறுத்தும் அளவுக்கு யோக்கை (ஸ்டீயரிங் போன்ற கைப்பிடி) பின்னால் இழுங்கள். அதற்குப் பிறகு உங்கள் வேலை தரையைத் தொடுவது இல்லை, தொடாமல் பார்த்துக்கொள்வது. விமானம் அமிழ அமிழ இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும். ஸ்டால் ஹார்ன் முனகத் தொடங்கும்போது பின்சக்கரங்கள் தானாகத் தொட்டுவிடும். தொட்ட பிறகும் பிடியை விடாதீர்கள், மூக்குச் சக்கரம் மெல்ல இறங்கட்டும்.

துள்ளிவிட்டால்? சின்னத் துள்ளல் என்றால் அதே நிலையில் பிடித்து மறுபடி இறக்கலாம். பெரிய துள்ளல் என்றால் யோசிக்கவே வேண்டாம், முழு பவர், கோ-அரௌண்ட் (இறங்காமல் மறுபடி ஏறிச் சுற்றி வருவது). ஃபிளாப்பை ஒரே அடியாக மேலே ஏற்றாமல் படிப்படியாக. கோ-அரௌண்ட் அடிப்பதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. தானாக முடிவெடுத்து அடிப்பவனைத்தான் இன்ஸ்ட்ரக்டர் நம்பித் தனியாக விடுவார்.

சிமுலேட்டர் வாங்கலாமா என்றால், ஃபிளேருக்கு அது உதவாது. தட்டையான திரையில் உயரம் தெரியாது. செக்லிஸ்ட் வரிசையைப் பழக நல்லது. என்னைக் கேட்டால், காக்பிட் போஸ்டர் ஒன்றைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரேடியோ கால்களோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது அதைவிட மேல். விலை உயர்ந்த ஹெட்செட்டும் சோலோவுக்குப் பிறகு போதும்.

படி 5: குறுக்குக் காற்று

இதைப் பழக நம் ஊர்க்காரர்களுக்கு இலவச வசதி இருக்கிறது. ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போது முப்பந்தல் காற்றாலைகளைப் பாருங்கள். காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் அவை நிற்கும். சாலையை ரன்வேயாக வைத்து, போனில் இருக்கும் காம்பஸில் இரண்டுக்கும் உள்ள கோண வித்தியாசத்தைக் கணக்கிடுங்கள். வித்தியாசம் 30 டிகிரி என்றால் காற்றில் பாதி குறுக்கே அடிக்கும். 45 என்றால் முக்கால். 60-க்கு மேல் கிட்டத்தட்ட முழுவதும்.

திருவனந்தபுரத்தில் ரன்வே 14/32. எண்ணோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் திசை: 32 என்றால் 320 டிகிரி. ரன்வே 32-ல் இறங்கும்போது காற்று 270-லிருந்து 12 நாட் என்றால் வித்தியாசம் 50 டிகிரி. குறுக்கே 9 நாட்டுக்கு மேல். செஸ்னா 172-க்குக் குறுக்குக் காற்றில் சோதனையில் நிரூபித்துக் காட்டிய அளவு 15 நாட்தான். விமானம் தாங்கும், முதல் சோலோவுக்கு ஆகாது.

படி 6: அந்த நாள்

முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். வழக்கமான இரண்டு மூன்று லேண்டிங்குக்குப் பிறகு நிறுத்தச் சொல்லி சார் இறங்குவார். அவர் உட்கார்ந்திருந்த சீட்டின் பெல்ட்டைக் கட்டாயம் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், தொங்கிக் கிடந்தால் கன்ட்ரோலில் சிக்கும். ஒரு ஆள் எடை குறைவதால் விமானம் சீக்கிரம் தரையை விட்டு எழும்பும், சர்க்யூட் உயரத்துக்கு நினைத்ததற்கு முன்பே வந்துவிடும், இறங்கும்போது கூடுதல் தூரம் மிதக்கும். அதனால் டவுன்விண்டில் (ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறக்கும் பகுதி) செக்லிஸ்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

பின்சேர்க்கை: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி, சோலோ முடித்ததும் தனியாகத் தூரம் போகலாமா என்று கேட்டிருந்தார். முடியாது. கிராஸ்-கன்ட்ரி சோலோவுக்குக் குறைந்தது 10 மணி நேர சோலோ வேண்டும், ரெகுலேஷன்ஸ், நேவிகேஷன், மெட்டியராலஜி உள்ளிட்ட பரீட்சைகளிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். நண்பரை ஏற்றிக்கொண்டு போகவும் அனுமதியில்லை.

இன்னொன்று: கண்ணாடி போட்டால் ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். பறக்கும்போது மாற்றுக் கண்ணாடி ஒன்று பையில் இருக்கட்டும்.