போர்ச்சுகீஸ் அரசியல் வார்த்தைய இங்கிலீஷ்ல கொண்டுவர்றது எப்படி

கலர்ஃபுல்லான சொலவடைய பாத்தா நாமளே உஷாராயிடுவோம், ஆனா மாட்டிவிடுறது என்னமோ சாதுவா இருக்கற வார்த்தைங்கதான். 'பிரெசிதெந்த் த காமரா'ன்னு வருதா, முதல்ல எந்த நாட்டு நியூஸ்னு பாருங்க. போர்ச்சுகல்ல அது மேயர், பிரேசில்ல பெரும்பாலும் பார்லிமென்ட் கீழ்சபையோட ஸ்பீக்கர். பிரசிடென்ட்னு போட்டா ரெண்டு பக்கமும் தப்பு.

அடுத்தது 'மொசாவ் த சென்சூரா'. சென்ஷர் மோஷன்னு போட கை துறுதுறுங்கும், போடாதீங்க, ஏன்னா இங்கிலீஷ்ல சென்ஷர்னா வெறும் கண்டனத்தோட முடிஞ்சிரலாம், போர்ச்சுகல்ல 230 எம்பில 116 பேர் ஓட்டு போட்டா ஆட்சியே போயிடும், அதனால 'நோ கான்ஃபிடன்ஸ்'தான் சரி. பட்ஜெட்ட 'ஷும்பார்' பண்ணிட்டாங்கன்னா ஓட்டெடுப்புல தோற்கடிச்சாங்க, 'வோட்டட் டவுன்', அவ்ளோதான். 'ஷும்பு'ன்னா ஈயம்தான், ஆனா அந்த ஈயத்த தேடிப் போக வேணாம்.

இப்போ சொலவடைக்கு வருவோம். 'எங்கொலிர் சாப்புஷ்', தேரைய முழுங்குறது, அதாவது பிடிக்காததை வேற வழியில்லாம ஏத்துக்கறது. 1986 போர்ச்சுகல் பிரசிடென்ட் எலெக்‌ஷன் ரெண்டாவது ரவுண்டுல வலதுசாரி ஜெயிச்சிரக் கூடாதுன்னு, அதுவரைக்கும் எதிர்த்துட்டு இருந்த சோஷலிஸ்ட் மாரியோ சோரெஸுக்கே ஓட்டு போடச் சொன்னாரு கம்யூனிஸ்ட் தலைவர் அல்வாரோ குன்யால், வேணும்னா போட்டோவ ஒரு கையால மூடிக்கிட்டு இன்னொரு கையால குத்துங்கன்னு. இதுக்கு இங்கிலீஷ்ல 'ஹோல்ட் யுவர் நோஸ்' அப்படியே உக்காரும், பிடிக்காததை தெரிஞ்சே செய்யறதுங்கற வலி அதுல இருக்கு. தேரையவே எழுதினா படிக்கறவங்க தேரையிலயே நின்னுடுவாங்க. ஆனா தலைவர் பேச்சுலயே அந்தத் தேரைய வச்சு விளையாடுறாருன்னா விட்டுடக் கூடாது, அப்போ தேரை உள்ள வந்தே ஆகணும்.

'ஜெரிங்கோன்சா' வேற கேஸ். 2015ல போர்ச்சுகல்ல பிரதமரான அன்டோனியோ கோஸ்டாவோட சோஷலிஸ்ட் மைனாரிட்டி ஆட்சிக்கு மத்த இடதுசாரி கட்சிங்க வெளியில இருந்து சப்போர்ட் கொடுத்தாங்கள்ல, அத எதிரணி நக்கலா கூப்பிட்ட பேரு, ஓட்டை உடைசல் மெஷின் மாதிரி அர்த்தம். அப்புறம் ஆதரவாளர்களே அத தூக்கி வச்சுக்கிட்டாங்க. 'கோயலிஷன்'னு எழுதினா அந்த நக்கலும் போச்சு, விஷயமும் தப்பு, ஏன்னா அந்தக் கட்சிங்க மந்திரிசபையிலயே இல்ல. முதல் தடவை 'கான்ட்ராப்ஷன்'னு அர்த்தம் சொல்லிட்டு, அப்புறம் ஜெரிங்கோன்சான்னே விட்டுடுங்க.

கட்சி பேரையும் நம்பிடாதீங்க. போர்ச்சுகல்ல சோஷியல் டெமாக்ரட் கட்சின்னா மைய-வலது. பேர மட்டும் போட்டா இங்கிலீஷ்காரங்க இடதுசாரின்னுதான் நினைப்பாங்க, அதனால பக்கத்துலயே 'சென்டர்-ரைட்'னு ஒரு வார்த்தை சேர்த்துடுங்க.