ஒன்ராறியோ நகரசபைத் தேர்தல்: வேட்பாளரின் காசுக்கணக்கு

2026 ஒன்ராறியோ நகரசபை, கல்விச்சபைத் தேர்தலுக்கான வேட்புமனுக் காலம் மே 1 முதல் ஓகஸ்ட் 21 பிற்பகல் 2 மணி வரை. வாக்களிப்பு ஒக்ரோபர் 26. இந்தத் தேதிகள் எல்லோருக்கும் தெரியும். வேட்பாளர்கள் மாட்டிக்கொள்வது காசுக்கணக்கில்தான். அதுவும் பெரிய மோசடிகளில் அல்ல, முதலில் செய்யவேண்டியதைப் பிறகு செய்வதில்.

வேட்புமனுவை நகரசபை எழுத்தரிடம் கையளிக்கும் நாளில்தான் உங்கள் பிரசாரக் காலம் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு டொலர்கூட வாங்கவோ செலவழிக்கவோ முடியாது. துண்டுப்பிரசுரத்துக்கு அச்சகத்தில் 'ஓடர்' கொடுப்பதும் செலவுதான், பணத்தைப் பிறகு கட்டினாலும். மனுவோடு கட்டும் பணம் மாநகர முதல்வர் பதவிக்கு 200 டொலர், மற்றப் பதவிகளுக்கு 100. இது பிரசாரச் செலவில் சேராது. கணக்கறிக்கையை நேரத்துக்குக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.

மனுக் கொடுத்ததும் நேரே வங்கிக்குப் போங்கள். பிரசாரத்துக்கு மட்டுமான தனிக் கணக்கு ஒன்று வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கு உதவாது, செலவு 300 டொலர்தான் என்றாலும். காசு வாங்காமலும் செலவழிக்காமலும் நிற்பவருக்கு மட்டுமே கணக்குத் தேவையில்லை. வரும் பணம் எல்லாம், நீங்கள் போடும் சொந்தப் பணம் உட்பட, இந்தக் கணக்குக்குள் வரவேண்டும். போகும் பணம் எல்லாம் இதிலிருந்தே போகவேண்டும். கடன் அட்டையில் பெயர்ப்பலகைகளை வாங்கிவிட்டீர்களா? அதே தொகையைப் பிரசாரக் கணக்கிலிருந்து அட்டைக்குக் கட்டி, இரண்டு ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். வங்கியில் கணக்குத் திறக்கச் சில நாட்கள் இழுபடுவதும் உண்டு. அந்த இடைவெளியில் ஆதரவாளர் ஒருவர் காசோலையை நீட்டினால், கணக்குத் திறந்த பிறகு தரச் சொல்லுங்கள்.

யாரிடம் வாங்கலாம் என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். ஒன்ராறியோவில் வழக்கமாக வசிக்கும் தனிநபர், தன் சொந்தப் பணத்தைத் தரலாம். கம்பனியும் தொழிற்சங்கமும் தரமுடியாது. பலசரக்குக் கடை வைத்திருப்பவர் பழக்கதோஷத்தில் கடைக் காசோலையில் 500 டொலர் எழுதித் தருவார். கடை ஒரு கம்பனியாகப் பதியப்பட்டிருந்தால் அது செல்லாது, திருப்பிக் கொடுக்கவேண்டும். அவர் தன் சொந்தக் காசோலையைத் தந்துவிட்டுப் பின்னர் கம்பனியிலிருந்து அதை எடுத்துக்கொள்வதும் தவறே. கணவன் மனைவி இருவர் பெயரிலும் உள்ள கணக்கிலிருந்து வரும் காசோலை, கையெழுத்திட்டவரின் நன்கொடை மட்டுமே. ஒரே காசோலையை இருவருக்கும் பங்குபோட முடியாது.

ஒருவர் ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடிய உச்சத்தொகை 1,200 டொலர். ரொறன்ரோ மாநகர முதல்வர் வேட்பாளருக்கு மட்டும் 2,500. அதே சபைக்குப் போட்டியிடும் எல்லா வேட்பாளர்களுக்கும் சேர்த்து ஒருவர் 5,000 டொலருக்கு மேல் தரமுடியாது. இந்த வரம்புகளை ஆதரவாளர்களுக்குச் சொல்லிவைப்பது உங்கள் கடமை. கையில் காசாக 25 டொலர் வரைதான் வாங்கலாம். அதற்கு மேல் காசோலை, மணி ஓடர், ஈ-ட்ரான்ஸ்பர் போல யாருடைய பணம் என்று தெளிவாகக் காட்டும் வழியில் வரவேண்டும். பெயர் தெரியாமல் உறையில் வரும் பணம் உங்களுடையதல்ல, அதை எழுத்தரிடம் ஒப்படைக்கவேண்டும்.

ஒவ்வொரு நன்கொடைக்கும் பற்றுச்சீட்டு எழுதுங்கள். பெயர், முகவரி, திகதி, தொகை நான்கும் இருக்கட்டும். தொடர் இலக்கமிட்ட புத்தகம் வைத்திருந்தால், கணக்கறிக்கை கொடுக்கும் மார்ச் மாதத்தில் உங்களையே வாழ்த்துவீர்கள். மொத்தம் 100 டொலருக்கு மேல் தந்தவர்களின் பெயர் கணக்கறிக்கையில் வரும், அந்த அறிக்கை பகிரங்கமாகும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பற்றுச்சீட்டு வருமான வரிக்கு உதவாது என்பதையும் சொல்லுங்கள், கேட்பார்கள்.

பொருளாகவும் சேவையாகவும் வருவது நன்கொடைதான். அதைச் சந்தை விலையில் கணக்கெழுதவேண்டும். நண்பர் தன் வீட்டிலிருந்து 200 டொலர் பெறுமதியான உணவு தந்தால் அது 200 டொலர் நன்கொடை, அதேநேரம் 200 டொலர் செலவும்கூட. வீடுவீடாக வரும் தொண்டரின் உழைப்புக்கு விலை போடத் தேவையில்லை. ஆனால் முதலாளி ஒருவர் தன் ஊழியரைச் சம்பளத்தோடு உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால், அது முதலாளி தரும் நன்கொடை. அந்த முதலாளி ஒரு கம்பனி என்றால் தடைதான். மற்ற வாடிக்கையாளர்களுக்கு இல்லாத விலைக்குறைப்பை அச்சகக் கம்பனி உங்களுக்கு மட்டும் தருவதும், பதிவுபெற்ற சங்கம் ஒன்று தன் மண்டபத்தை வாடகையின்றித் தருவதும் இதே பொறி. அன்பாகத்தான் தருவார்கள். விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கி முழு விலையைக் கட்டுங்கள்.

நிதி சேர்க்கும் விருந்துக்கு 50 டொலர் ரிக்கெற் விற்றால் 50 டொலரும் நன்கொடை. சாப்பாட்டுச் செலவைக் கழித்து மீதியை மட்டும் எழுதுவது பரவலான பிழை. சாப்பாடு தனியாகச் செலவுப் பக்கத்தில் வரும்.

செலவு வரம்பு ஒரு எளிய கணக்கு. மாநகர முதல்வர் பதவிக்கு 7,500 டொலரோடு வாக்காளர் ஒருவருக்கு 85 சதம். சபை உறுப்பினருக்கும் கல்விச்சபை அறங்காவலருக்கும் 5,000 டொலரோடு அதே 85 சதம். 60,000 வாக்காளர் உள்ள வட்டாரத்தில் நிற்கும் சபை வேட்பாளர் 56,000 டொலர் வரை செலவழிக்கலாம். மனுக் கொடுக்கும்போது எழுத்தர் ஒரு மதிப்பீடு தருவார், செப்ரெம்பரில் இறுதித் தொகை வரும். இரண்டில் கூடியதே உங்கள் வரம்பு. வாக்களிப்பு முடிந்தபின் நடத்தும் நன்றி விருந்துக்குத் தனி வரம்பு: பொது வரம்பின் 10 வீதம். நிதி சேர்க்கும் நிகழ்வின் செலவும் கணக்காய்வாளர் கட்டணமும் பொது வரம்புக்குள் வராது, ஆனால் அறிக்கையில் வரவேண்டும். கூட்டத்தின் மூலையில் ஓர் உண்டியல் வைத்துவிட்டு முழுச் செலவையும் 'நிதி சேர்ப்பு' என்று எழுத நினைக்காதீர்கள். நிகழ்வின் நோக்கமே நிதி சேர்ப்பாக இருக்கவேண்டும்.

போனமுறை நின்றவர்கள் கராஜில் பழைய பெயர்ப்பலகைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். அவற்றை மீண்டும் நட்டால் இன்றைய சந்தை விலை இந்தத் தேர்தலின் செலவாகும். இலவசம் என்று நினைத்து விட்டுவிட்டால், வரம்பை ஒட்டி நிற்பவருக்கு அதுவே மீறலாகும்.

சொந்தப் பணத்துக்கும் சபை வேட்பாளர்களுக்கு வரம்பு உண்டு. உறுப்பினர் பதவிக்கு 5,000 டொலரோடு வாக்காளருக்கு 20 சதம், முதல்வர் பதவிக்கு 7,500 டொலரோடு 20 சதம், எப்படியும் 25,000 டொலரைத் தாண்டாது. மேலே சொன்ன வட்டாரத்தில் இது 17,000 டொலர், உங்கள் துணைவர் தருவதும் இதற்குள் அடங்கும். கடன் வேண்டுமென்றால் வங்கி போன்ற நிதி நிறுவனத்திடம்தான் வாங்கலாம். மைத்துனரிடம் கைமாற்று வாங்குவது நடக்காது.

பிரசாரக் காலம் டிசெம்பர் 31 உடன் முடியும். கணக்கில் பற்றாக்குறை இருந்தால் அன்றைக்குள் எழுத்தருக்கு அறிவித்து ஜூன் 30 வரை நீட்டிக்கலாம். மிச்சம் இருந்தால் நீங்களும் துணைவரும் போட்டதை எடுத்துக்கொண்டு மீதியை எழுத்தரிடம் கொடுக்கவேண்டும்.

கடைசி வேலை படிவம் 4, அதாவது கணக்கறிக்கை. மனுக் கொடுத்த எல்லோரும் இதைக் கொடுக்கவேண்டும். தோற்றவர், போட்டியின்றித் தெரிவானவர், இடையில் விலகியவர், ஒரு சதமும் செலவழிக்காதவர் யாருக்கும் விலக்கில்லை. வரவோ செலவோ 10,000 டொலரைத் தாண்டினால் உரிமம் பெற்ற கணக்காய்வாளரின் அறிக்கையும் சேரவேண்டும். மார்ச் மாதம் கணக்காளர்களுக்கு வரிக்காலம், ஆகவே ஜனவரியிலேயே ஒருவரைப் பிடித்துவிடுங்கள். கடைசித் தேதி மார்ச்சின் இறுதி வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2 மணி. 2027இல் அந்த வெள்ளி பெரிய வெள்ளியாக அமைவதால், சரியான நாளை எழுத்தரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நேரம் தவறினால் 30 நாள் சலுகை உண்டு, 500 டொலர் கட்டவேண்டும். தாமதமாகும் என்று முன்பே தெரிந்தால், கடைசித் தேதிக்கு முன் நீதிமன்றத்தில் அவகாசம் கேட்கலாம். இரண்டும் செய்யாதவர் வென்ற பதவியை இழப்பார், அடுத்த பொதுத்தேர்தல் முடியும்வரை நிற்கவும் முடியாது. செலவு வரம்பை மீறியதாக அறிக்கையே காட்டினாலும் இதே தண்டனைதான். நேரத்துக்குக் கொடுத்த அறிக்கையையும் வாக்காளர் எவரும் 90 நாட்களுக்குள் கேள்விக்குட்படுத்தி, நீங்கள் விதிப்படி நடந்தீர்களா என்று பார்க்கும் இணக்கக் கணக்காய்வு கோரலாம். அந்தக் கோரிக்கை வந்தால் முதலில் கேட்கப்படுவது வங்கிக் கூற்றும் பற்றுச்சீட்டுப் புத்தகமும்தான்.