வெனிஸில் முதல் நாள்: சுவரைப் படித்து ஊரைச் சுற்றுவது எப்படி?

சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தின் வாசலுக்கு வந்தால் ஆட்டோ, டாக்ஸி எதுவும் நிற்காது. படி இறங்கினால் பெருங்கால்வாய்தான்.

முதல் வேலை, வப்போரெட்டோவில் ஏறுவது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அது கால்வாயில் ஓடும் படகு, இந்த ஊர் டவுன் பஸ். 9.50 யூரோ டிக்கெட் 75 நிமிடம் செல்லும். ஏறுவதற்கு முன் படகுத்துறையில் உள்ள இயந்திரத்தில் டிக்கெட்டைக் காட்டிவிடுங்கள். 1ஆம் எண் படகு எல்லாத் துறையிலும் நின்று ஆடி அசைந்து சான் மார்கோ சதுக்கத்துக்குப் போகும். முக்கால் மணி நேரம் ஆகும், ஆனால் இரு கரை மாளிகைகளையும் பார்க்க அந்த வேகம்தான் சரி. 1591இல் கட்டி முடித்த ரியால்டோ பாலத்துக்கு அடியில் புகுந்துதான் போவீர்கள்.

அப்புறம் நடை. இங்கே போன் வரைபடத்தைவிட சுவர்தான் நல்ல வழிகாட்டி. மஞ்சள் பலகைகள் ரியால்டோவுக்கும் சான் மார்கோவுக்கும் அம்புக்குறி காட்டும். 'கால்லே' என்றால் சந்து. 'ஃபோந்தமெந்தா' என்றால் கால்வாயை ஒட்டிய நடைபாதை. 'ரியோ தெரா' என்று எழுதியிருந்தால், ஒரு காலத்தில் கால்வாயாக இருந்து தூர்க்கப்பட்ட தெருவில் நிற்கிறீர்கள்.

கதவு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஊரில் ஆறு வட்டாரங்கள். எண்கள் தெருவாரியாக இல்லாமல் வட்டாரம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஓடும். வெறும் எண்ணை வைத்துக்கொண்டு பெட்டியோடு ஏழு பாலம் ஏறி இறங்கியவன் நான் (பாலங்களில் பெரும்பாலும் படிகள்தான்!). தங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேவாலயத்தின் பெயரை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டோலா என்ற துடுப்புப் படகில் போக ஆசை இருந்தால் அரை மணிக்கு 90 யூரோ. எனக்கு மனசு வரவில்லை. பெருங்கால்வாயின் சாந்தா சோஃபியா துறையில் 'த்ரகெட்டோ' என்ற பெரிய கொண்டோலா இருக்கிறது. 2 யூரோவுக்கு அக்கரையில் மீன் சந்தையருகே இறக்கிவிடும். காலையில் போங்கள். ஞாயிறும் திங்களும் மீன் சந்தை கிடையாது.

சான் மார்கோ சதுக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் அபராதம். அங்குள்ள தேவாலய மணிக்கோபுரம் 1902இல் சரிந்து, 1912இல் அப்படியே திரும்ப எழுந்தது. மேலே போக லிஃப்ட் உண்டு.

கடைசியாக, ஏதாவது ஒரு 'காம்ப்போ'வில், அதாவது திடலில், நில்லுங்கள். நடுவே செதுக்கிய கல்லாலான கிணற்று வாய் இருக்கும். சுற்றிலும் உப்புநீர், அதனால் ஊற்றுக்குத் தோண்டிப் பயனில்லை. தரைக் கற்களின் துளை வழியே இறங்கும் மழைநீர், அடியில் நிரப்பிய மணலில் வடிகட்டப்பட்டு நடுக்குழாயில் சேரும். சில கிணற்று வாய்களின் வெளிப்புற அடிப்பக்கத்தில் நாய், பூனைகள் குடிக்கச் சிறு தொட்டியும் வெட்டியிருப்பார்கள். இப்போது கிணறுகளை மூடிவிட்டார்கள். தெருக் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகப் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாம்.