சக ஆசிரியரின் வகுப்பைப் பார்க்கப் போகும்போது தவிர்க்க வேண்டியவை

ஒருவர் பாடம் நடத்த, இன்னொரு ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்து, பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வது நல்ல ஏற்பாடு. அது கெட்டுப்போவது பெரும்பாலும் பார்க்க வந்தவர் தன்னையறியாமல் ஆய்வு அதிகாரியாகிவிடும்போதுதான்.

1980களின் தொடக்கத்தில் இம்முறையைப் பரப்பிய அமெரிக்கக் கல்வியாளர்கள் புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1996இல் ஒருபடி மேலே போய், வாய்மொழியாகக் கருத்துச் சொல்வதையே விட்டுவிடச் சொன்னார்கள். கருத்துச் சொல்ல ஆரம்பித்ததும் சக ஆசிரியர்கள் மதிப்பீட்டுக்குத் தாவிவிடுகிறார்கள், கூட்டு முயற்சி குலைகிறது என்பது அவர்கள் கண்டது. அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் அவர்கள் சொன்ன ஆபத்து உண்மை.

“சும்மா வந்து பாருங்க சார்” என்றால் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் பாடம் நடத்துபவர்.

அடுத்தது, கண்டதை எழுதாமல் தீர்ப்பை எழுதுவது. “மாணவர்களிடம் ஈடுபாடு இல்லை” என்ற குறிப்பை வைத்துக்கொண்டு யாரும் எதையும் திருத்த முடியாது. “கேள்வி கேட்டு ஒரு விநாடிக்குள் நீங்களே பதில் சொன்னீர்கள், 10 கேள்விகளில் 7க்குப் பதில் சொன்னது முன்வரிசை” என்று எழுதிக் கொடுத்தால் அவரே யோசிப்பார். கேள்விக்குப் பின் 3 விநாடியாவது காத்திருந்தால் மாணவர்களின் பதில் நீள்கிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். இந்த ஆய்வைக்கூட உடனே சொல்லிவிடாதீர்கள். “இதைப் பார்த்தால் என்ன தோணுது?” என்று கேட்டுவிட்டு, அந்த 3 விநாடியை நீங்களும் காத்திருங்கள்.

“டீச்சர், பிரமாதம்!” என்பதும் தீர்ப்புதான். பின்னூட்டம் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் குளூகரும் டெனிசியும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் பின்னூட்டத்துக்குப் பிறகு செயல்திறன் குறைந்திருப்பதை 1996இல் காட்டினர். கவனம் வேலையிலிருந்து ஆளின் மீது திரும்பினால் பயன் குறைகிறது என்பது அவர்களின் விளக்கம். பாராட்டக் கூடாது என்றில்லை. எந்த விளக்கம் எந்த மாணவனுக்குப் புரிய வைத்தது என்று சொல்லிப் பாராட்டுங்கள்.

பார்த்ததை ஆசிரியர் அறையில் பேசுவது, தலைமையாசிரியரிடம் ஒப்பிப்பது, குறிப்பைப் பணி மதிப்பீட்டுக் கோப்பில் சேர்ப்பது இவற்றில் ஒன்று நடந்தாலும் போதும், அடுத்த முறை உங்களுக்காக ஒத்திகை பார்த்த பாடம்தான் நடக்கும்.

ஒருவரே எப்போதும் பார்ப்பவராக இருப்பதும் சரியல்ல; அடுத்த வாரம் அவர் உங்கள் வகுப்புக்கு வரட்டும். எட்டு யோசனைகளை ஒரே மூச்சில் கொட்டாமல் ஒன்றை மட்டும் இருவரும் முடிவு செய்து, அதை அவர் முயன்று பார்க்கும் வகுப்புக்கு மறுபடி போங்கள். பலர் முதல் பேச்சோடு நிறுத்திவிடுகிறார்கள்.