மொட்டை மாடியில் புத்தகப் பகிர்வு: முதல் சந்திப்பை நடத்துவது எப்படி?

படிக்கிற பழக்கம் இருக்கிறது, படித்ததைப் பேசத்தான் ஆளில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாதம் ஒருமுறை, ஆறேழு பேர், ஒரு மணி நேரம். இவ்வளவு போதும். எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் இப்படித்தான் ஆரம்பித்தோம்.

1. ஆள் சேர்ப்பது

இலக்கியம் தெரிந்தவர்களாகத் தேடிப் போகாதீர்கள். கீழ்வீட்டு அக்கா, ஓய்வு பெற்ற சார், பிளஸ் டூ படிக்கிற பிள்ளை என்று கலந்து இருப்பதுதான் நல்லது. எட்டுப் பேரைத் தாண்ட வேண்டாம். ஆளுக்கு 5 நிமிடம் என்றாலே 40 நிமிடம் ஓடிவிடும். மிச்சம் 20 நிமிடம் பேச்சுக்கு வேண்டும்.

2. இடம்

பாய் விரிக்க இடமும் ஒரு விளக்கும் இருந்தால் சரி. டீ, சுண்டல் உங்கள் விருப்பம்.

3. கேள்வியைச் சரியாகக் கேட்பது

எல்லாமே இதில்தான் இருக்கிறது. முதல் சந்திப்பில் "உங்களுக்கு மிகவும் பிடித்த புத்தகம் எது?" என்று கேட்டேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். பிடித்தது என்றால் பெரிதாக எதையாவது சொல்லியாக வேண்டுமோ என்ற தயக்கம். கீழ்வீட்டு அக்கா, "நான் ஒண்ணும் படிக்கறதில்லைங்க, சும்மா வந்தேன்" என்றார்.

அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "இப்போது கையில் என்ன இருக்கிறது? எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்?"

அக்கா எழுந்து கீழே போய், காலிகோ ஒட்டிய தடிமனான ஒரு பைண்டிங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்'. அவருடைய அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தது. மணியத்தின் ஓவியங்கள் அப்படியே இருந்தன. சில பக்கங்களின் பின்புறம் பழைய விளம்பரங்கள். மடித்த இடமெல்லாம் தாள் பழுத்திருந்தது. அம்மா போன பிறகு, தினமும் மத்தியானம் நாலு பக்கம் படிக்கிறாராம். அன்று அவருக்கு 5 நிமிடம் போதவில்லை, நாங்களும் மணி பார்க்கவில்லை.

ஆகவே "படிப்பதில்லை" என்று சொல்பவரை அத்தோடு விட்டுவிடாதீர்கள். வார இதழ், சமையல் குறிப்பு, பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் கதை, எல்லாம் கணக்கில் சேரும்.

4. எப்படிப் பேசுவது

கதைச்சுருக்கம் சொல்ல ஆரம்பித்தால் மற்றவர்களுக்குத் தூக்கம் வரும். மூன்று விஷயம் சொன்னால் போதும்: புத்தகம் எப்படிக் கைக்கு வந்தது, எந்த இடத்தில் நின்றுவிட்டேன், யாருக்குக் கொடுக்க நினைக்கிறேன்.

ஓர் உதாரணம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1973-இல் வந்த சிறிய நாவல். "சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், ஜமுனா, சாயா என்று அக்கா தங்கை இருவர்" என்று தொடங்கினால் கேட்பவர் தலையாட்டுவார், அவ்வளவுதான். நான் இப்படிச் சொன்னேன்: "2019 கோடையில் எங்கள் தெருவுக்கு லாரி வரும் என்று ராத்திரி பதினொரு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து இதைப் படித்தேன். ஜமுனா தண்ணீருக்கு அலைகிற இடத்தில், எழுந்து போய் என் குடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்." உடனே மூன்று பேர் புத்தகத்துக்குக் கை நீட்டினார்கள்.

முடிந்தால் அரைப்பக்கம் உரக்க வாசியுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிடிக்காமல் 50 பக்கத்தோடு மூடிவைத்ததையும் தாராளமாகச் சொல்லலாம். எங்கள் மாடியில் நல்ல பேச்சு பாதி அதிலிருந்துதான் கிளம்புகிறது.

5. நோட்டு போடுவது

ஒரு நீள நோட்டு வாங்கி ஐந்து கட்டம் போடுங்கள்: தேதி, பெயர், புத்தகம், எத்தனையாவது பக்கம், யார் வாங்கிப் போனார்கள். பக்க எண் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். போன மாதம் 62, இந்த மாதம் 65 என்றால் "என்ன ஆச்சு?" என்று கேட்க ஒரு பேச்சு கிடைக்கிறது.

புத்தகம் காணாமல் போகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. நூலகங்களில் உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை குத்துவார்கள். அதே மாதிரி நீங்களும் ஓர் எண்ணை முடிவு செய்து, உங்கள் புத்தகம் எல்லாவற்றிலும் அந்தப் பக்கத்தில் பென்சிலால் பெயரெழுதுங்கள். தர மனமில்லாத புத்தகத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துப் போவதில் தப்பே இல்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. நோட்டின் கடைசிக் கட்டத்தை நிரப்பும்போது எனக்கு அந்த மூன்றாவது விதிதான் நினைவுக்கு வரும்.

6. கலைவதற்கு முன்

அடுத்த தேதியை அங்கேயே முடிவு செய்துவிடுங்கள். போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மாதம் இரண்டு ஓடிவிடும். எங்களுக்கு மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மாலை 5 மணி.

அக்காவின் பைண்டிங் வெளியே போவதில்லை. பிளஸ் டூ பிள்ளைதான் சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறாள். நோட்டில் அவள் பெயருக்கு நேரே போன மாதம் எழுதியிருப்பது பக்கம் 118.