கிட்டில் முதல் கமிட்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் நிரல்களைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட், கோப்புகளில் நாம் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளாகும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரமான டெர்மினலைத் திறந்து, 'சிடி' (cd) கட்டளையால் உங்கள் கோப்புறைக்குள் சென்று, 'கிட் இனிட்' (git init) எனத் தட்டச்சு செய்தால், அங்கே '.கிட்' (.git) என்னும் மறைவான கோப்புறை உருவாகும். மாற்றங்களின் வரலாறு முழுவதும் அதற்குள் இருப்பதால் அதை அழித்துவிடாதீர்கள்.

புதியவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் அடுத்ததுதான். 'கிட் ஆட்' (git add) மாற்றத்தைத் தேர்ந்தெடுத்து மட்டுமே வைக்கிறது. அதைப் பதிவது 'கிட் கமிட்' (git commit); அப்படிப் பதிந்த ஒவ்வொரு பதிவும் ஒரு கமிட். ஆட் செய்த பின் அதே கோப்பில் இன்னொரு வரியைத் திருத்தினால், மீண்டும் ஆட் செய்யாதவரை அத்திருத்தம் கமிட்டில் சேராது. ஐயம் எழும்போதெல்லாம் 'கிட் ஸ்டேட்டஸ்' (git status) கொடுத்துப் பாருங்கள் (நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்). கமிட்டுடன் சேர்த்து எழுதும் குறிப்பில் வெறுமனே 'திருத்தம்' என்று எழுதாமல், 'கடவுச்சொல் சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது' என்பதுபோல் எழுதுங்கள்.