மானிட்டரில் இடம் போதவில்லையா? புதிது வாங்கும் முன் இதைப் பாருங்கள்

எதைத் திறந்தாலும் முழுத்திரைக்கு விரித்துவிடுவது பலருக்கும் கைப்பழக்கம். பிடிஎஃப்-இல் ஒரு பில், எக்செல்லில் கணக்கு. பில்லைப் பார்ப்பது, ஆல்ட்+டேப் அடிப்பது, பாதி எண்ணைத் தட்டியதும் மீதி மறந்துபோய் மறுபடி பில்லுக்கு ஓடுவது. 4,785 ரூபாய் 4,758 ஆவது இப்படித்தான்.

பில் விண்டோவை க்ளிக் செய்துவிட்டு, விண்டோஸ் கீயோடு இடது அம்புக்குறியை அழுத்துங்கள். அது இடது பாதியில் போய் உட்காரும். எக்செல்லுக்கு வலது அம்புக்குறி. விண்டோஸ் 7 வந்த 2009-இலிருந்தே இருக்கிற வசதிதான். விண்டோஸ் 10, 11-இல் நடுக்கோட்டை இழுத்து, பில்லுக்குக் கொஞ்சம், எக்செல்லுக்கு அதிகம் என்று பிரித்துக்கொள்ளலாம். பில்லுக்கு அவ்வளவு இடம் எதற்கு?

அதற்காக 1366×768 பிக்சல் (புள்ளி) திரையுள்ள லேப்டாப்பில் நான்கு விண்டோவைத் திணிக்காதீர்கள். ஒன்றையும் படிக்க முடியாது.

எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று ரெசல்யூஷனை, அதாவது படம் எத்தனை புள்ளிகளில் வரையப்படுகிறது என்ற அளவை, குறைப்பது இன்னொரு தவறு. 1920×1080 பேனலில் இருக்கும் புள்ளிகள் அத்தனையும் அப்படியேதான் இருக்கும். சின்னப் படத்தை இழுத்து அவற்றில் நிரப்புவதால் எழுத்து மங்கிவிடும். ரெசல்யூஷனைத் தொடாமல், டிஸ்ப்ளே செட்டிங்ஸில் எழுத்தையும் ஐகான்களையும் பெரிதாக்கும் ஸ்கேலை 125% வையுங்கள். இதுவும் இலவசமில்லை: 150% வைத்தால் அதே திரையில் 1280×720 அளவுக்குத்தான் இடம் மிஞ்சும். பிரவுசரில் மட்டும்தான் எழுத்து சிறியது என்றால் கன்ட்ரோலும் பிளஸ்ஸும் போதும்.

அகலத்தைவிட உயரம்தான் சீக்கிரம் தீரும். விண்டோஸ் 11 டாஸ்க்பார் மட்டுமே 100% ஸ்கேலில் 48 பிக்சல் உயரம். பிரவுசர் என்றால் மேலே புக்மார்க் பட்டை, வேர்டு என்றால் பட்டன்கள் அடுக்கிய ரிப்பன் வேறு. ரிப்பனை கன்ட்ரோல்+எஃப்1 சுருட்டிவிடும். டாஸ்க்பாரைத் தானாக மறைய வைக்கலாம் என்பார்கள். நாள் முழுக்க எக்செல்லில் இருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கீழே ஷீட் டேபைத் தொடப்போகும்போதெல்லாம் டாஸ்க்பார் எகிறி வந்து மறிக்கும்.

விண்டோஸ்+கன்ட்ரோல்+டி அழுத்தினால் இன்னொரு டெஸ்க்டாப் கிடைக்கும். அலுவலக வேலை ஒன்றில், சொந்த வேலை மற்றொன்றில் என்று வைத்துக்கொள்ள நல்லது. ஆனால் கண்ணில் படாதது மூடப்பட்டதாக ஆகாது. அங்கே திறந்துகிடக்கும் டேப்கள் மெமரியைத் தின்றுகொண்டுதான் இருக்கும்.

அப்புறம், இரண்டாவது மானிட்டரைக் கழற்றிய பின் சில சமயம் ஒரு விண்டோ திரைக்கு வெளியே மாட்டிக்கொள்ளும். சேமிக்காத வேலையோடு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். டாஸ்க்பாரில் அதன் ஐகானை க்ளிக் செய்து, ஆல்ட்+ஸ்பேஸ், பிறகு எம். ஏதாவதொரு அம்புக்குறியை ஒருமுறை தட்டிவிட்டு மவுஸை அசைத்தால், விண்டோ மவுஸோடு ஒட்டிக்கொண்டு வரும். அது முழுத்திரையாக விரிந்த நிலையில் இருந்தால் எம் வேலை செய்யாது; முதலில் ஆல்ட்+ஸ்பேஸ், ஆர்.